கல்லுக்குப் பக்கத்தில் கண்ணாடி

ஹாலிஃபாக்ஸ்,
மார்ச் 9

டெஸ்ஸா,

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை லீட்ஸில் உன் கண்காட்சிக்கு வந்தேன். என் கல்லுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீடு திரும்பினேன். 'நோரீனுக்குத் தலைவலி' என்று எல்லாரிடமும் சொன்னாயாமே. இந்த அறுபத்து மூன்று வயதுவரை எனக்குத் தலைவலி வந்ததில்லை.

சீட்டில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்: 'டெஸ்ஸா விட்லாக். மூச்சு, எண் நான்கு. கல், ஊதிய கண்ணாடி. கண்ணாடி ஊதியவர் ரோரி டேன்கர், ஸ்டௌர்பிரிட்ஜ்.'

கண்ணாடிக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு. கல்லுக்கு ஒன்றும் இல்லை. வழியில் கிடந்ததை நீ பொறுக்கிக்கொண்டு வந்தாய் போலிருக்கிறது! பிரிக்ஹவுஸில் அந்தப் பழைய நெசவாலையை இடித்தபோது காலை ஆறு மணிக்கே போய் மழையில் நின்று, இன்னொருவன் வாய் திறப்பதற்குள் விலை பேசி எடுத்த கல் அது. 'டெஸ்ஸாவுக்கு' என்று சுண்ணக்கட்டியால் எழுதி ஏழு மாதம் தார்ப்பாய்க்கு அடியில் வைத்திருந்தேன். ஒருவன் இரட்டை விலை தருகிறேன் என்று வந்தான். கொடுக்கவில்லை. வியாபாரத்தில் நான் செய்த முட்டாள்தனங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்; அதில் இது ஒன்று.

உள்ளே நுழைந்ததுமே முத்துமாலை போட்ட ஒரு அம்மாள் தன் கோட்டை என் கையில் கொடுத்து, "கொஞ்சம் பத்திரமா வையுங்க, பட்டு லைனிங்" என்றாள். மாட்டி வைத்தேன். அதற்கு வருத்தப்படவில்லை. என் வேலைக்காரக் கையைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் உன் கண்ணாடிக்காரன் வந்தானே, வெள்ளைச் சட்டையும் காலுறை இல்லாத காலுமாக!

"ஓ, நீங்கதான் அந்தக் கல்லுக்கார அம்மாவா? டெஸ்ஸா உங்களப் பத்தி அவ்ளோ சொல்லிருக்கா!"

"என்ன சொன்னா?"

"எப்பவும் ஏதாவது எடுத்து வச்சிருப்பீங்களாம்."

எடுத்து வைப்பது பெட்டிக்கடைக்காரியின் வேலை. இருபத்திரண்டு வருஷமாக உனக்கு நான் அதுதான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் கல் முற்றத்துக்குப் பின்னால் இருக்கும் உன் கொட்டகையில் பத்து மாதமாக ஆள் நடமாட்டம் இல்லை. அவனுடைய உலைக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறாய். கொட்டகையைக் காலி செய். இதைப் போனில் சொன்னால் நடுவில் பேசுவாய். எழுதினால் கடைசிவரை கேட்டுத்தானே ஆக வேண்டும்.

நோரீன்


ஸ்டௌர்பிரிட்ஜ்,
மார்ச் 17

நோரீன்,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பேனோ என்னவோ. தபால்பெட்டி பக்கத்திலேயே இருப்பதால் ஒருவேளை இது தப்பித்துவிடலாம்.

சீட்டு அச்சடித்தது கண்காட்சிக்காரர்கள். 'கூட வேலை செய்தது யார்?' என்று கேட்டார்கள். ரோரி பெயரைச் சொன்னேன். உன் பெயரைச் சொல்லத் தோன்றவில்லை. இதை அழகாகச் சொல்ல வழி தேடினேன், கிடைக்கவில்லை. தோன்றவில்லை என்பதுதான் உண்மை. நீ எனக்கு வெளியே இருக்கும் ஆள் என்று நான் நினைத்ததே இல்லை. என் கையின் பெயரைச் சீட்டில் போடுவேனா?

ஆனால் உன் கோபம் சீட்டைப் பற்றியது மட்டுமா, நோரீன்?

முதல் பத்து வருஷம் நான் வெறும் கல் செதுக்கினேன். ஒன்றும் விற்கவில்லை. உன் முற்றத்தில் தளக்கல் அடுக்கித்தான் சாப்பிட்டேன். பிறகு ஒரு நாள், இடித்த தேவாலயக் கூரையின் ஈயத் தகட்டைச் சுருட்டி ஒரு கல்லின் மேல் போட்டு வைத்திருந்தாய். ஈயம் தொய்ந்து, கல்லின் தோளில் தூங்குவதுபோல் கிடந்தது. கல் எவ்வளவு விறைப்பானது என்று அப்போதுதான் என் கண்ணில் பட்டது. மெத்தென்ற ஒன்று பக்கத்தில் வந்தால்தான் கடினம் கடினமாகத் தெரிகிறது. அதிலிருந்துதான் எல்லாமே வந்தது. கல்லும் ஈயமும், கல்லும் கம்பளியும், கல்லும் தேன்மெழுகும். அப்போதெல்லாம் நீ கோபப்படவில்லை. ஈயம் நீ கொடுத்தது, கம்பளி உன் அக்காள் வீட்டு ஆடு, மெழுகு உன் மச்சானுடையது. எல்லாம் உன் வேலிக்குள் இருந்தன.

கண்ணாடி வெளியிலிருந்து வந்தது. அதுதான் விஷயம் என்று நினைக்கிறேன். ஒரு மூச்சை ஊதி, அது ஆறி, நாலு டன் கல்லின் மேல் உட்காருகிறது. ஒரு தட்டு தட்டினால் போய்விடும் ஒன்று. அதற்காகக் கல் அசையாமல் இருக்கிறது, பார்த்தாயா? சரி, உனக்கு அது பிடிக்கவில்லை.

பொறாமைப்படுகிறாய். அவனைப் பார்த்துக்கூட இல்லை, கண்ணாடியைப் பார்த்து.

கொட்டகையை மாதக் கடைசிக்குள் காலி செய்கிறேன்.

டெஸ்ஸா


ஹோல்ட்ஸ்வொர்த் கல் முற்றம்,
ஹாலிஃபாக்ஸ்,
மார்ச் 28

செல்வி விட்லாக் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கொட்டகைச் சாவியும் கிடைத்தது. அந்த இடத்தை விறகடுப்பு விற்பவர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன்.

தங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த எட்டுக் கற்களும் இன்றுமுதல் பொதுவில் விற்பனைக்கு. இனித் தங்களுக்குக் கல் தேவைப்பட்டால் டெர்பிஷையர் பக்கம் குவாரிகள் நிறைய இருக்கின்றன. அங்கே மரியாதையாக நடத்துவார்கள் என்று கேள்வி.

இப்படிக்கு,
திருமதி நோ. ஹோல்ட்ஸ்வொர்த்


ஸ்டௌர்பிரிட்ஜ்,
ஏப்ரல் 2

திருமதி ஹோல்ட்ஸ்வொர்த் அவர்களுக்கு,

தகவலுக்கு நன்றி. டெர்பிஷையரில் கல் பார்த்துவிட்டேன். நல்ல கல். ஸ்கார்பரோ கடற்கரையில் புதிதாகக் கட்டும் நூலகத்தின் வாசலில் நிறுத்தப் போகிற வேலைக்கு. என் வாழ்க்கையிலேயே பெரிய வேலை. செய்தித்தாளில் பார்ப்பீர்கள்.

தங்களை 'நீங்கள்' என்று எழுதக் கை வலிக்கிறது. பழகிவிடும்.

டெ. விட்லாக்


ஹாலிஃபாக்ஸ்,
அக்டோபர் 3

டெஸ்ஸா,

நீங்கள், தாங்கள் எல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம். போன் செய்தேன், என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் இது விரைவுத் தபாலில் வருகிறது. கிழிக்காமல் படி.

செய்தித்தாளில் உன் படம் பார்த்தேன். உன் பட்டறை வாசல், ஆளைவிட ஓரடிக்குமேல் உயரமான கல், உச்சியில் நீ குடைந்த குழி, அதில் அவன் கண்ணாடி உட்காரப் போகிறது என்று எழுதியிருந்தது. படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். டெஸ்ஸா, கல்லை அடுக்கு மாற்றி நிறுத்தியிருக்கிறாய்.

கல்லுக்குள் இருக்கும் அடுக்குகள் படுத்திருக்க வேண்டும், பூமியில் கிடந்தபடி. உன் கல்லில் நின்றுகொண்டிருக்கின்றன, அலமாரியில் புத்தகம் நிற்பதுபோல. வெறுமனே நிற்கிற கல்லானால் பத்து இருபது வருஷம் தாக்குப் பிடிக்கும். நீயோ உச்சியில் குழி வெட்டியிருக்கிறாய். மழைத் தண்ணீர் அதில் நின்று, புத்தகத் தாள்களுக்கு நடுவில் இறங்குவதுபோல் இறங்கும். அது உறைந்தால் கல் பிளக்கும். இந்தக் குளிர்காலம் இல்லாவிட்டால் அடுத்தது. நம் தேவாலயத் தோட்டத்தில் பெயரும் தேதியும் செதில் செதிலாக உரிந்து விழுந்த கல்லறைக் கற்களைப் பார்த்திருக்கிறாயே, எல்லாம் இதனால்தான். அவற்றுக்கு அடியில் இருப்பவர்கள் ஏற்கெனவே செத்தவர்கள். உன் கல்லுக்கு அடியில் பிள்ளைகள் உட்காருவதற்குப் படி வைத்திருக்கிறாய் என்று படத்தின் கீழே போட்டிருந்தான்.

கண்ணாடியைப் பொருத்துவதற்கு முன்னால் வேலையை நிறுத்து.

இன்னொன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாவிட்டால் நான் வியாபாரியே இல்லை. கல்லில் ஊனம் இருந்தால் சொல்லி விற்பவள் நான். படம் வந்தது செப்டம்பர் 13. அன்றைக்கே எனக்குத் தெரியும். இருபது நாள் சும்மா இருந்தேன்.

நோரீன்


ஸ்டௌர்பிரிட்ஜ்,
அக்டோபர் 7

நோரீன்,

கண்ணாடி செப்டம்பர் 28 அன்றே பொருத்தியாகிவிட்டது. பிசின் ஊற்றி, இறுகி, முடிந்துபோன வேலை. உடைக்காமல் இனி அதை எடுக்க முடியாது.

அது தெரிந்துதான் இப்போது எழுதுகிறாயா?

மன்னித்துக்கொள். இல்லை, மன்னிக்க வேண்டாம், இதைத்தான் கேட்க நினைத்தேன். ஆறு மாதம் ஒரு வரி இல்லை. பிறகு விரைவுத் தபாலில் ஒரு கடிதம். அதை நம்பினால் நான் என்ன செய்ய வேண்டும்? சுத்தியலை எடுத்து ரோரியின் கண்ணாடியை உடைக்க வேண்டும். உலகத்தில் உன்னைத் தவிர வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே நம்பியிருப்பேன்.

கல்லைச் சரியாகத்தான் நிறுத்தினேன். கோடு பார்த்துத்தான் நிறுத்தினேன். நீ சொல்லிக்கொடுத்தபடி.

இருபது நாள்! நவம்பர் 15 திறப்பு விழா.

டெஸ்ஸா


ஹாலிஃபாக்ஸ்,
அக்டோபர் 10

டெஸ்ஸா,

கேட்டது நியாயமான கேள்வி. பதிலும் நேராகவே சொல்கிறேன்.

ஆமாம், பொறாமைதான். கண்ணாடிமேலும் பொறாமை, அவன்மேலும் பொறாமை, உனக்குக் கல் விற்ற டெர்பிஷையர்க்காரன்மேல்கூடப் பொறாமை. படத்தைப் பார்த்ததும் முதலில் எனக்குள் வந்தது பயம் இல்லை. 'நல்லா வேணும்' என்றேன். வாய்விட்டே சொன்னேன். கடையில் கணக்கெழுதும் மேவிஸ், "யாருக்கு?" என்று கேட்டாள். "டீ ஆறிப்போச்சு, அதுக்கு" என்றேன்.

பிறகு இருபது நாளும் ஒவ்வொரு சாக்கு. அவளுக்கே தெரிந்திருக்கும். அவன் சொல்லியிருப்பான். படத்தில் ஒழுங்காகத் தெரியவில்லை. எனக்கென்ன, நான் வெறும் எடுத்து வைக்கிறவள்தானே. மூன்றாம் தேதி காலையில் முற்றத்து வாளித் தண்ணீரில் தகடுபோல் பனி கட்டியிருந்தது. சாக்கெல்லாம் அன்றோடு தீர்ந்தது.

என்னை நம்பாதே. கல்லை நம்பு. மழை இல்லாத நாளில் இரண்டு வாளித் தண்ணீரைக் கல்லின் முகத்தில் ஊற்று. போய் டீ குடித்துவிட்டு வா. மற்ற இடம் எல்லாம் காய்ந்த பிறகும் அடுக்கின் இடுக்கில் ஈரம் நிற்கும், கறுப்புக் கோடாக. அந்தக் கோடுகள் படுத்திருந்தால் நான் பொய்க்காரி. இந்தக் கடிதத்தைக் கண்ணாடிக்காரனுக்கு வாசித்துக் காட்டிச் சிரி. மேலிருந்து கீழே நின்றால் எனக்கு எழுது.

கோடு பார்த்து நிறுத்தினேன் என்கிறாயே, எந்தக் கோடு?

நோரீன்


ஸ்டௌர்பிரிட்ஜ்,
அக்டோபர் 19

நோரீன்,

நிற்கின்றன. மேலிருந்து கீழே, பதினொரு கோடுகள். எண்ணினேன்.

எந்தக் கோடு என்று கேட்டாய். உன் முற்றத்தில் ஒவ்வொரு கல்லின் பக்கத்திலும் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு இழுப்பாய், அடுக்கு போகிற திசையிலேயே. கோடு படுத்திருந்தால் கல் சரியாக இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்தது அந்த ஒரு கோடுதான். இந்தக் கல்லிலும் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. அதைப் படுக்க வைத்து நிறுத்தினேன். வேறு யோசிக்கவே இல்லை.

நேற்று டெர்பிஷையருக்குப் போன் செய்தேன். அந்த ஆள் சிரித்துவிட்டான். "ஏம்மா, அது கோடு இல்ல, அம்பு! எந்தப் பக்கம் மேலன்னு காட்டறது. முனை மழைல அழிஞ்சு போயிருக்கும். ஊர்ல எல்லாரும் அம்புதான் போடுவாங்க. கோடு போடற ஆள நான் பாத்ததே இல்லயே."

உலகத்திலேயே நீ ஒருத்திதான் கோடு போடுகிறாய், நோரீன். அது எனக்குத் தெரியாது. கல் என்றால் உன் கல் என்று நினைத்திருந்தேன். வேறு ஊர்க் கல்லையும் உன் எழுத்தில்தான் படித்தேன்.

கண்ணாடி விஷயம். உடைக்க எனக்கு மனம் வரவில்லை. ரோரிதான் கோடுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். பிறகு, "அந்த அம்மா சொன்னது சரிதான். தள்ளு" என்றான். ஒரு அடி. அந்தச் சத்தத்தை நான் உனக்கு எழுத மாட்டேன். துண்டுகளைப் பெருக்கிக்கொண்டே, "நான் வாரத்துக்கு நாலு உடைக்கறேன், டெஸ்ஸா. இன்னொண்ணு ஊதிக்கலாம். கல்லத்தான் ஊத முடியாது" என்றான்.

அவன் அழுதான் என்று எழுதினால் உனக்குப் பிடிக்கும். அழவில்லை.

நீ இருபது நாள் சும்மா இருந்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் இருபத்தொன்றாம் நாள் எழுதினாயே, அதையும் மறக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் வழக்கப்படி.

நூலகத்தாரிடம் உண்மையைச் சொன்னேன். விழாவை டிசம்பர் 20க்குத் தள்ளியிருக்கிறார்கள். அதற்குமேல் ஒரு நாளும் தர மாட்டார்களாம். அன்றைக்குள் நிற்காவிட்டால் அந்த இடத்தில் மரம் நடப் போகிறார்கள். ஏழடி உயரம், நாலு டன், அடுக்கு படுத்த கல். டெர்பிஷையரில் அவ்வளவு தடிமனான அடுக்கே இல்லை என்கிறான். உன்னிடம் இருக்கிறதா?

டெஸ்ஸா


ஹாலிஃபாக்ஸ்,
அக்டோபர் 23

டெஸ்ஸா,

அவன் அழாததைக் கேட்டு எரிச்சலாகத்தான் இருக்கிறது. தன் சரக்கைத் தானே உடைப்பவனை என்ன சொல்லித் திட்டுவது? ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் வீணாகிவிட்டது.

அந்தக் கோடு வந்த கதை வேறொன்றும் இல்லை. இந்தத் தொழிலுக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு பழைய வேனும் அரை டப்பாச் சிவப்புச் சாயமும்தான். அம்புக்கு மூன்று இழுப்பு, கோட்டுக்கு ஒன்று. சாயம் மிச்சம். நீ அதை வேதமாக எடுத்துக்கொள்வாய் என்று நான் கண்டேனா! இனி நான் விற்கிற கல்லில் அம்புதான். மேவிஸிடம் சொல்லிவிட்டேன்.

கல் இருக்கிறது. உனக்கென்று வைத்திருந்த எட்டும் பொது விற்பனைக்கு என்று எழுதினேன் இல்லையா? ஏழு போய்விட்டது. எட்டாவதற்கு ஆறுபேர் விலை கேட்டார்கள். ஆறுபேரும் வாய் பிளக்கிற விலையாகச் சொல்லி அனுப்பினேன். ஏன் என்று கேட்காதே. எட்டடி, ஒரே அடுக்கு, தட்டினால் மணிபோலச் சத்தம்.

விலை இரண்டாயிரத்து நானூறு பவுண்டு. தோழி விலை இல்லை. தோழி விலை கொடுத்துப் பட்டது போதும். ஸ்கார்பரோவுக்கு வண்டி என்னுடையது. பிளக்கப் போகிற அந்தக் கல்லை நான் எடுத்துக்கொள்கிறேன், அறுநூறு கழித்துக்கொள். அடுக்கோடு அறுத்தால் அருமையான தளக்கல் வரும்.

ஒரு நிபந்தனை. இங்கே வந்து நீயே செதுக்க வேண்டும். முதல் வாரம் நீ மட்டும். கண்ணாடிக்காரன் அதற்குப் பிறகு வரட்டும்.

நோரீன்


ஸ்டௌர்பிரிட்ஜ்,
அக்டோபர் 26

நோரீன்,

வாரம் முடியாது. குழியின் விளிம்பை முதல் நாளே அவன் அளவெடுத்தால்தான் புதுக் கண்ணாடி ஊத ஆரம்பிப்பான். ஊதியது ஆறவே ஒரு வாரம் ஆகும். தேதி உனக்குத் தெரியும்.

விலைக்குச் சம்மதம். பழைய கல்லுக்கு எழுநூறு. எத்தனை தளக்கல் வரும் என்று எனக்கும் கணக்குப் போடத் தெரியும், உன்னிடம்தானே படித்தேன்.

நான் மட்டும், ஒரு நாள். அதற்குமேல் கேட்காதே.

டெஸ்ஸா


ஹாலிஃபாக்ஸ்,
அக்டோபர் 29

டெஸ்ஸா,

ஒரு நாளில் கல்லை ஒரு சுற்றுச் சுற்றிவரக்கூட முடியாது. நாலு நாள் என்று எழுதி அடித்துவிட்டேன், பார், மை தெரியும். மூன்று என்றும் எழுதினேன். அதையும் அடித்தேன். நேற்று நீயே போன் செய்து "இரண்டுன்னு வச்சிக்க, தலைய வாங்காத" என்றாயே, அதை நம் இருவருக்கும் சாட்சியாக இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆக, பேசி முடித்தது: கல் இரண்டாயிரத்து நானூறு. பழைய கல்லுக்கு அறுநூற்றைம்பது கழிவு. மிச்சம் ஆயிரத்து எழுநூற்றைம்பது. பாதி இப்போது, பாதி ஸ்கார்பரோவில் நிறுத்திய பிறகு. வண்டிக்கூலி இல்லை. நவம்பர் 4, 5, திங்களும் செவ்வாயும், காலை எட்டுமுதல் இருட்டும்வரை நீ மட்டும். புதன்கிழமை ரோரி டேன்கர் வரலாம். காலுறையும் தடித்த பூட்ஸும் போட்டுக்கொண்டு.

நோரீன் ஹோல்ட்ஸ்வொர்த்